வட்டமிட்ட ஆறு மணி

காலை ஐந்து ஐம்பது. அச்சாவோவில் மழை.
இந்தத் தீவில் அதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.
தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் மட்டும் கீச்சிடும்;
எண்ணெய் விடச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன்.
இப்போது அந்தச் சத்தம் கேட்டே
நோயாளிகள் வாயைத் திறந்து காத்திருக்கிறார்கள்.

நான்காம் படுக்கை: ஒத்திலியா மில்லலோங்கோ.
அறுபத்தொரு வயது, நாற்பத்து நான்கு கிலோ.
சிப்பித் தொழிற்சாலையில் ஓடு பிளந்து பிளந்து
விரல் நுனிகளில் ரேகை மிச்சமில்லை.
மணிக்கட்டுப் பட்டையில் பெயர் சரி.
மருந்து சரி, டிகாக்சின்.
அளவு, வழி, நேரம், எல்லாம் சரி.
ஐந்து சரிகளையும் விரல்விட்டு எண்ணி முடித்து
ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தேன்.

ஒரு முழு நிமிடம்.
அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர்கள் உண்டு.
அவசர இரவுகளில் நானும் பெருக்கியிருக்கிறேன்.
இந்த இதயத்தைப் பெருக்க முடியாது.
இரண்டு அடி வைக்கிறது,
எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் நிற்கிறது,
பிறகு மூன்று அடி சேர்த்து வைக்கிறது.
கடிகாரத்தின் சிவப்பு முள் சுற்றி வந்தது.
நாற்பத்தாறு.

நேற்று அறுபத்திரண்டு.
அறுபதுதான் கோடு. கோட்டுக்கு மேலே இரண்டு.
கொடுத்தேன். கையெழுத்திட்டேன்.

"ரோசாமெல், ஜன்னலுக்கு யார் மஞ்சள் பூசினது?"
ஜன்னலில் மஞ்சள் இல்லை.
சாம்பல் கடல், சாம்பல் வானம்,
நடுவே நனைந்த ஒரு படகு.
"விளக்கைச் சுத்தி வளையம் தெரியுது.
உன் சட்டைகூட முள்புதர் பூத்த மாதிரி."
ராத்திரி சூப் ஆடை படிந்து அப்படியே இருந்தது.
தட்டெடுக்க வந்த யாஸ்னா
"மூணு நாளா இதே கதைதான்" என்றாள்,
என்னிடம் இல்லை, தட்டிடம்.

அட்டையைப் பின்னால் புரட்டினேன்.
ஐந்து நாளுக்கு முன், இருமலுக்காக,
வேறொரு கை, பச்சை மை:
கிளாரித்ரோமைசின், இருவேளை.
அதுவும் சரியான மருந்து, சரியான அளவு.
இரண்டு நல்லவர்கள் ஒரே வீட்டுக்குக் குடிவந்து
ஒருவரை ஒருவர் வெளியே போகவிடாமல்
வாசலை மறித்துக்கொண்ட கதை.

டாக்டர் இத்துர்ராவை எழுப்பினேன்.
"கால் மில்லிகிராம்தானே" என்றார் தூக்கத்தோடு.
"நாற்பத்தாறு" என்றேன்.
எதிர்முனையில் கட்டில் முனகியது;
எழுந்து உட்கார்ந்துவிட்டார்.
"இரண்டையும் நிறுத்துங்கள். ஈசிஜி. ரத்தத்தில் மருந்தளவு."
சொன்னதைத் திரும்பச் சொன்னேன், சொல் சொல்லாக,
கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறவனைப் போல.

மாத்திரை இன்னும் கிண்ணத்தில் கிடந்தது,
பயற்றம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது.
கொடுக்க இரண்டு நொடி போதும்.
கொடாமல் இருக்க
ஒரு தொலைபேசி, நாலு படிவம்,
ரத்தக்குழாயோடு ஏழு மணிப் படகில் ஏறிய
ஓர் ஓட்டுநர்.
ஆறு மணிக் கட்டத்தை வட்டமிட்டேன்.
கொடுத்ததற்குக் கையெழுத்து போதும்;
கொடாததற்கு வாக்கியம் வேண்டும்.

வேலை முடிந்து இறங்கும் சரிவில்
வாய்க்கால் ஓரமெல்லாம் அந்தச் செடி.
ஊதா மணிகளாய்த் தலைகவிழ்ந்த பூக்கள்;
பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பறித்து
விரலுக்கு ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள்.
இதன் ஒன்றுவிட்ட சகோதரன்தான்
என் வண்டியில் வெள்ளையாய் உட்கார்ந்திருப்பது.
'கையைக் கழுவுங்கடா' என்று கத்தினேன்.
சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

மதியம் தகவல் வந்தது: மூன்று புள்ளி ஒன்று.
இரண்டைத் தாண்டினாலே விஷம்.
யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.
அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு என்று
தலையணையின் அந்தப் பக்கம் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த இரவு சக்கரத்துக்கு எண்ணெய் விட்டிருந்தார்கள்.
சத்தமில்லாமல் போய் நின்றேன், அவர் திடுக்கிட்டார்.
பாதி உருளைக்கிழங்கு சாப்பிட்டாராம்.
திரைச்சீலையைக் காட்டி
"இது வெள்ளைதானே?" என்றார்.
வெள்ளைதான்.
"இன்னிக்கும் மாத்திரை கிடையாதா?"
கிடையாது.
"பிறகெதுக்கு அந்தக் குழாயைக் காதுல மாட்டுற?
சரி, எத்தனை வருது?"

பேசாதீங்க, ஒத்திலியா.
எண்ணிக்கிட்டிருக்கேன்.