நூற்று இருபத்தொன்பதாவது இடம்

ஊர்ப் பெயர் சுவைக்.
தமிழில் எழுதிப் பார்த்தால் சுவைக்கு மேல் ஒரு 'க்' மிச்சம்.
கிணற்றில் கடல் ஏறி இருபது வருடம் என்கிறார் ஹமூத்.
மீட்டரை இறக்கினேன்: பதினொன்று.
பேரீச்சை தாங்கும்.
எலுமிச்சை போன கோடையிலேயே போய்விட்டது.

எனக்கு வேலை உப்புப் போடுவது.
மூன்றாம் கூண்டில் நாற்பது தக்காளிச் செடிகள்,
காலை ஏழு மணிக்கு அளந்து ஊற்றுகிறேன்.
உப்பைக் குறையுங்கள் கலியமூர்த்தி, என்று
மலையாளி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு
சட்டைப்பையில் வியர்த்துக் கிடக்கிறது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இவை என்னை எப்படி நினைக்குமோ.

உப்பு வேரைத் தொட்டதும்
இலைக்குள் ஒரு நொதி எழுந்து உட்காருகிறது.
குளுட்டமேட்டை எடுத்துப் புரோலின் ஆக்கும் வழியில்
முதல் கை அதனுடையது.
செல் சுருங்காமல் இருக்க,
உள்ளே உள்ள தண்ணீர் ஓடாமல் இருக்க.
நிறைய நிறைய, செய்த பொருளே திரும்பி வந்து
நொதியின் ஒரு மடிப்பில் ஒட்டிக்கொள்கிறது.
மணி அடிப்பதில்லை. யாரும் அதட்டுவதில்லை.
பந்தியில் இலையை மூடுகிற மாதிரி,
அவ்வளவுதான், கை நிற்கிறது.

பின்வரிசை இருபதும் வேறு.
நரிப்பயற்றிலிருந்து எடுத்த நொதி.
அதில் நூற்று இருபத்தொன்பதாவது இடத்தில்
ஃபீனைல்அலனைன் போய் அலனைன் வந்திருக்கிறது.
ஒரே ஓர் இடம்.
இலை மூடத் தெரியாத செடிகள்.

வியாழன் மாலை சோதனை.
இலையை அரைத்து, வடித்து, நின்ஹைட்ரின் விட்டு
ஒரு மணி நேரம் கொதிநீரில், பிறகு பனிக்கட்டியில்.
டொலுவீன் ஊற்றிக் குலுக்கினால்
சிவப்பு பிரிந்து மேலே நிற்கும்.
முன்வரிசை, பன்னீர் ரோஜா.
பின்வரிசை, ஜபல் அக்தர் மாதுளை.
டாக்டர் ஷம்ஸா கைதட்டினார்.
ஹமூத் குழாயை ஜன்னலுக்கு நேரே பிடித்து
இது நல்ல சிவப்பா கெட்ட சிவப்பா என்றார்.
அரபு எனக்கு அந்த அளவு வராது.
உதட்டைப் பிதுக்கினேன்.
தமிழில் கேட்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை நல்ல தண்ணீர், திட்டப்படி.
இரவு இரண்டு மணி மாதிரிக்கு நான் மட்டும்.
இருட்டில் முன்வரிசை
சேர்த்ததை எல்லாம் கலைத்துக்கொண்டிருந்தது,
கல்யாணம் முடிந்து பந்தல் பிரிப்பதைப் போல.
பின்வரிசையும் பிரித்தது.
பிரிக்கப் பிரிக்க
பக்கத்திலேயே இன்னொரு கை கால் நட்டுக்கொண்டிருந்தது.
விடிகாலை அளவில் மாதுளை கொஞ்சம் வெளுத்திருந்தது.
குறித்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன்.

மெஸ்ஸில் ரொகிபுல் பருப்புக் கரண்டியோடு நிற்கிறான்.
அவன் கை கொஞ்சம் உப்புக் கை.
ஒரு கரண்டி. இன்னொன்று.
தட்டின் மேல் கையை நீட்டி மறைத்தேன்.
அதற்குள் ஊற்றிவிட்டான்.
விரலிடுக்கில் சூடாக வழிகிறது.
நக்கிப் பார்த்தேன்.