வாசலில் ஒரு கழித்தல்

ஷூ தொழிற்சாலையில் x என்றால் கழிவு.
தையல் பிசகிய தோலில்
சாக்பீஸால் நான்தான் போடுவேன்,
நாளைக்கு நாற்பது, ஐம்பது.
இரவானால் அதே x
தூக்கி எறியக் கூடாததாகி
என் நோட்டில் வந்து உட்காருகிறது.

சாட்ஸ்வொர்த்துக்கு மின்சாரம் ஒன்பதரைக்குத்தான்.
கேஸ் அடுப்பின் நீல வெளிச்சத்தில்
பாலும் காய்கிறது, கணக்கும்.
முப்பத்தொன்பது வயதில் மெட்ரிக்.
தவேஷனுக்குச் சிரிப்பு:
'x-ஐயும் x²-ஐயும் கூட்டாதே, அம்மா.'
எனக்கா தெரியாது?
ஆறாம் நம்பர் ஒன்று, ஏழாம் நம்பர் ஒன்று,
ஒரே பெட்டியில் போட்டால் ஜோடியா?

ஆனால் இது,
3x − (2x − 5),
மூன்று தடவை தப்பு.
முதல் உறுப்பின் குறியை மாற்றுகிறேன்,
அடுத்ததை மறந்துபோகிறேன்.
அடைப்புக்குறியின் வாசலில் கழித்தல் நின்றால்
உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும்
முகம் மாற வேண்டுமாம்.

லோகன் வீட்டைவிட்டுப் போனபோது
அவன் சம்பளம் போனதை மட்டும்தான்
ஐந்து மாதம் எழுதி எழுதிப் பார்த்தேன்.
குதிரைப் பந்தயக் கடனும்
அவனோடு படியிறங்கிப் போனதை
எங்கேயும் எழுதவில்லை.

அழித்தேன்.
ரப்பர் துகளை ஊதிவிட்டு
மறுபடி போட்டேன்.
x + 5.
அந்த ஐந்தை இன்னொரு முறை பார்த்தேன்.
கூட்டல்தான்.

x எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.
'சுருக்குக' என்பதோடு கேள்வி முடிந்துவிட்டது.
நல்ல வேளை.

விளக்கு வந்தது.
அதற்குள் பாதிப் பால் அடுப்பில்.