முப்பத்தேழு விநாடி

முதலில் வயர்தான் செத்தது.
கழுத்தில் மடிந்து, வெள்ளைத் தோல் கிழிந்து,
ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் உயிர் வரும்.
ஹெவ்லொக் வீதி நெரிசலில்
ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் அந்தக் கோணம்,
நாடி பிடிக்கிற வைத்தியரைப்போல
நாலு மாதம் ஓட்டினேன்.

பம்பலப்பிட்டியில், மூன்றாம் மாடியில்,
கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து
ரிஸ்மி என்கிற பொடியன் கேட்டான்:
"மிஸ்ட கார்ல வயர் போட்டா மெப் வருதா?"
வரும்.
"அப்ப இது வேல செய்யும்.
வயர்லயும் வராத காருக்கு வாங்கிட்டுப் போய்
என்னோட சண்ட புடிக்கிற ஆக்கள்
கனபேர் ஈக்கிறாங்க."

மூன்று பெட்டி வைத்தான்.
ஒன்று இருபத்தெட்டாயிரம், ஒரு வருட வாரண்டி.
ஒன்று பதினாறு, ஆறு மாதம்.
மூன்றாவதுக்குப் பெயரே இல்லை;
பெட்டியில் ஒரு கார், காருக்குள் சிரிக்கிற ஒருத்தி,
ஸ்டியரிங்கில் அவளுக்கு ஆறு விரல்.
"இதுக்கு எவ்வளவு காலம் வாரண்டி?"
"கட வாசல் வரைக்கும்."

நடுவிலதை எடுத்தேன்.
எப்போதும் நடுவிலதைத்தான் எடுத்திருக்கிறேன்,
வாடகை வீட்டிலும், கல்யாணத்திலும்.

தீப்பெட்டி அளவு. கறுப்பு.
கூடவே எறும்பு எழுத்தில் ஒரு தாள்:
காரில் பழைய போன் பதிவுகள் இருந்தால்
முதலில் அவற்றை அழிக்கவும்.

என் கார் யப்பானில் இரண்டு வருடம் ஓடிக் கப்பலேறியது.
ஒவ்வொரு காலையும் அதற்குள் ஒருத்தி
மிகுந்த மரியாதையோடு
ஏதோ இல்லை என்கிறாள்.
என்ன இல்லை என்று
இன்றுவரை நான் கண்டுபிடிக்கவில்லை.

இரவு எட்டு மணி, பிரட்றிக்கா வீதி,
பிளட்டின் கீழே தூணுக்கும் தூணுக்கும் நடுவில்
கதவு பாதிதான் திறக்கிற இடத்தில் இருந்து
அவளுடைய எழுத்துகளுக்குள் தேடினேன்.
வோச்சர் பியதாச டோர்ச் அடித்து
பற்றரி இறங்கிவிட்டதா என்று சிங்களத்தில் கேட்டார்.
இல்லை, வீடு கூட்டுகிறேன் என்றேன்.
சிரிக்காமல் போனார்.

பட்டியலில் நாலு பேர்.
நான்.
என் பழைய நான், உடைந்த திரையோடு விற்ற போன்.
ஏசி திருத்த வந்த யாரோ சமிந்த.
கடைசியில் கஜரூபன்.

அவன் பெயரைத் தொட்டேன்.
ஒரு கேள்வியும் இரண்டு கட்டங்களும் வந்தன.
எது ஆம், எது வேண்டாம்?
என் போனைத் தூக்கிப் பிடித்து மொழிபெயர்த்தேன்:
"நிச்சயமாக நீக்கலாமா?"

ஆறு வருடத்தில்
இவ்வளவு நேராக என்னிடம் எவரும் கேட்டதில்லை.
சித்தி கேட்டது நகை பற்றி.
லோயர் கேட்டது திகதி.

இடது கட்டம்.
அந்த போன் இப்போது எந்தக் குளிரில்
யாருடைய காரைத் தேடிக்கொண்டிருக்கிறதோ.

பிறகு எல்லாம் சுலபம்.
சிவப்பு மினுங்கி, நீலம் மினுங்கி, நீலம் நின்றது.
வரைபடத்தில் வெள்ளவத்தை தானாக விரிந்தது.
வயரைச் சுருட்டி வீசாமல்
மேசை லாச்சிக்குள் போட்டேன், ஏனோ.

ஆனால் பெட்டியில் எழுதாத ஒன்று.
காலையில் காரை ஸ்டார்ட் செய்தால்
இது விழிக்க முப்பத்தேழு விநாடி.
எண்ணிப் பார்த்தேன்; மழை நாளில் நாற்பது.

வயர் காலத்தில் பெல்ட் போடுமுன்னமே
ஒபிஸ் குறூப்பில் பதினாலு மெசேஜ் வாசிக்கப்படும்,
ராஜகிரியவுக்கு ஐம்பத்திரண்டு நிமிடம் என்று
தீர்ப்பும் வந்துவிடும்.

இப்போது யப்பான்காரி இல்லை என்கிறாள்,
அதன்பிறகு ஒன்றுமே இல்லை.
மேலே யாருடையதோ குக்கர், மூன்றாவது விசில்.
ஒழுங்கை முடிகிற இடத்தில்
கடலை மறைத்துக்கொண்டு பாணந்துறை ரயில்,
கதவில் தொங்குகிறவர்களின் சேட்டுகள் ஊதி,
பெட்டி பெட்டியாகப் போய்,
மறுபடியும் கடல்.
எனக்கு எங்கே போகவேண்டும் என்று
காருக்கு இன்னும் தெரியாது.
இருபத்தொன்பது. முப்பது.
கையை ஸ்டியரிங்கில் வைக்காமல் இருக்கிறேன்.

நேற்று ரிஸ்மி மெசேஜ் போட்டிருந்தான்:
மிஸ், புது அப்டேட் ஒண்டு ஈக்கிது,
போட்டா பன்னெண்டு செக்கன்ல கனெக்ட் ஆகும்,
வாங்க, சும்மா செஞ்சு தாறன்.

நேரமில்லை தம்பி
என்று பதில் அனுப்பினேன்.