பதினேழாவது சொல்

பிரவேசிகாவில் எழுபத்தெட்டு மதிப்பெண்.
அந்தத் தைரியத்தில்தான் சரி என்றேன்.
கணக்கம்பாளையம் பிரிவில், பேக்கரிக்கு மாடியில்
கிளினிக் வைத்திருக்கும் ஜெபசிங் டாக்டருக்கு
ஒரு கையேடு வேண்டும்.
இடது பக்கம் நம் ஆட்கள் சொல்லும் வலி,
வலது பக்கம் அதற்கு இந்தி.
பனியன் கம்பெனி வடநாட்டுக்காரர்கள்
விரல் வைத்துக் காட்டினால் போதும்.

டாக்டருக்கு நாகர்கோவில்.
பொடனி என்றால் என்னவென்று
அவருக்கே நான்தான் சொன்னேன்: பிடரி சார்.
எழுதிக்கொண்டார்.
மறுநாள் ஒருத்தர் ‘பொடனி இளுக்குதுங்’ என்றதும்
குனிந்து முழங்காலைப் பார்த்தார்.

இருபத்திரண்டு வலி சேர்ந்தது.
குத்தல். குடைச்சல். கடுப்பு.
நெஞ்சு கரிக்குது. பாதமெல்லாம் மதமதங்குது.
மூச்சு இழுத்தால் சுருக்குனு பிடிக்குது.
என் பரீட்சை இந்தியில்
இத்தனைக்கும் இருந்தது ஒரே சொல், தர்த்.
தலைக்குத் தர்த், பல்லுக்குத் தர்த், முட்டிக்கும் அதே.
அந்த மொழியில் எனக்கு ஒருநாளும்
காய்ச்சல் வந்ததில்லை,
கல்லில் கால் இடித்ததில்லை,
யாரும் என்னைத் திட்டியதுகூட இல்லை.
அதில் நான் செய்ததெல்லாம்
மழைக்காலம் பற்றி ஒரு கட்டுரை,
விடுப்புக் கேட்டுத் தலைமையாசிரியருக்கு இரண்டு கடிதம்.

பதினேழில் நின்றுவிட்டேன்.
விண்ணு விண்ணு.
அகராதி ஏதோ கொடுத்தது. எழுதினேன். அடித்தேன்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
தமிழிலேயே அது எனக்கு வந்ததில்லை,
பிறர் சொல்லக் கேட்டுத்தான் வைத்திருந்தேன் என்பது
அப்போது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை, ஷிப்ட் முடியும் முன்பே ஒருத்தி வந்தாள்.
வலது கையில் கட்டிங் வேஸ்ட் சுற்றியிருந்தது,
முதலில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டிய துணி.
பெயர் குந்தளா. ஒடிசாவில் பலாங்கீர் பக்கம்.
இங்கே வந்து மூன்று வருஷம், ஓவர்லாக்.
நோட்டை நீட்டினேன். வலது பக்கத்தைத் தட்டிக் காட்டினேன்.
அவள் அதைப் பார்க்கவே இல்லை.
டாக்டரிடம் சொன்னாள்:
‘விண்ணு விண்ணுங்குதுங்.’

அந்தக் கடைசி ‘ங்’ வரைக்கும்.

எங்கே படித்தாய் என்று கேட்டேன், பைத்தியம் மாதிரி.
கட்டுப் போட்டு முடிந்தபின் சொன்னாள்.
போன ஆடியில் இதே விரல்.
ஊசி நகத்தில் இறங்கி அந்தப் பக்கம் போய்விட்டது.
சுவிட்சை அணைத்து, சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி
விரலை எடுத்தவள் துளசிமணி, கைமடி.
எடுத்த விரலை வாய்க்கு நேரே பிடித்து
ஊதிக்கொண்டே கேட்டாளாம்,
விண்ணு விண்ணுங்குதா? புள்ள, விண்ணு விண்ணுங்குதா?
விரலும் அப்போது
அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பிசிறு, பீஸ், சனிக்கிழமை, கரண்டு போச்சு, சித்தெ இரு:
இப்படித்தான் அவளுக்குத் தமிழ் வந்திருக்கிறது.
ஒவ்வொரு சொல்லும்
எதையாவது கையில் கொடுத்துவிட்டு,
இல்லையென்றால் பிடுங்கிக்கொண்டு.

உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்றேன்.
சொன்னாள். சின்னச் சொல்.
தமிழெழுத்தில் குறித்துக்கொண்டு திருப்பிச் சொன்னேன்.
சிரித்துவிட்டாள்.
ஒலியெல்லாம் சரிதானாம்,
ஆனால் சொல்லும்போது என் முகம்
தக்காளி விலை கேட்கிற முகமாக இருக்கிறதாம்.

அதை இங்கே எழுதலாம்தான்.
எழுதினால் உங்களிடமும் அது எழுத்தாகத்தான் இருக்கும்.

கையேடு அச்சாகி வந்துவிட்டது.
பதினேழுக்கு நேரே கட்டம் காலி.
அச்சுப் பிழையா என்று கேட்டார் டாக்டர்.
இல்லை சார் என்றேன்.
இரண்டு நாளாகச் சுளுக்கு அவருக்கு.
கழுத்தைத் திருப்பாமல்,
நாற்காலியோடு மொத்தமாக என் பக்கம் திரும்பி,
‘இந்தப் பொடனி இருக்கே’
என்று ஆரம்பித்தார்.