எண்பத்தேழில் ஒன்று

படுக்கையறை வாசலுக்குக் குறுக்கே போகிறது
கெடிலம் பாலம்.
குளிக்கப் போகிறவர் அதைத் தூக்கிவிட்டுப் போகவேண்டும்,
இல்லையென்றால் குனியவேண்டும்.
குழாய் ரிப்பேருக்கு வந்தவர் இரண்டும் செய்யவில்லை.
குடைக்கம்பிகளை மறுபடி நிமிர்த்த
ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

எங்கள் வீட்டில் எல்லாம் எண்பத்தேழில் ஒன்று:
திருப்பாதிரிப்புலியூர் நடைமேடை,
அதை ஒட்டிய முந்திரிக் கடை,
தீக்குச்சியில் இன்னிலா செய்து
நகப்பூச்சால் உடுத்திவிட்ட
நாற்பத்தொரு பயணிகள்.
சண்டை மட்டும் முழு அளவு.

ஆற்றில் தண்ணீர் வைப்பதா வேண்டாமா என்று
இரண்டு வாரம் முகம் பார்க்கவில்லை.
ஆறென்றால் தண்ணீர்தானே என்றான் அகரன்.
நீ எப்போது பார்த்தாய் என்றேன்.
கடைசியில் பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த நாரைப் பிய்த்து
கருவேலம் நட்டோம்.

தேவனாம்பட்டினத்து மணலை அள்ளிவந்து
டீ வடிகட்டியில் சலித்துப் பாதையில் கொட்ட,
மூன்றாம் நாள் எஞ்சினுக்கு மூச்சடைத்தது.
மோட்டாரைக் கழற்றினால்
காந்தத்தில் கருமணல், பலாச்சுளையில் ஈ மாதிரி.
மிச்ச மணலையெல்லாம் கிண்ணம் கிண்ணமாய் வைத்து
காந்தம் பிடித்து உட்கார்ந்தாள் சுகந்தி,
மின்வாரிய அலுவலகத்தில் பகல் முழுக்க
"கரண்ட் எப்பம்மா வரும்" என்ற ஒரே கேள்விக்குப்
பதில் சொல்லிவிட்டு வந்தவள்.
அரிசியில் கல் பொறுக்குவதற்கு
இது தேவலை என்றாள்.
எங்கள் வீட்டில் கல் பொறுக்குவது நான்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட அரங்கு.
ஆறு பலகைகள், பன்னிரண்டு கிளாம்ப்,
"தொடாதீர்கள்" என்று ஓர் அட்டை.
தொட்டார்கள்.
முதல் நாள் சாயங்காலம் கரண்ட் போனது.
ரயில் நடுப்பாலத்தில் நிற்க,
தெரிந்தவர்கள் எல்லாரும் சுகந்தியைப் பார்த்தார்கள்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் கருவேலத்தைப் பார்த்தேன்.

"சுரங்கப்பாதையில தண்ணி வைக்கலையே சார்,
ஒரு மழைக்கே முழங்கால் வரைக்கும் நிக்குமே"
என்றார் பூக்கடைக்காரர் ஒருவர்.
மறுநாள் இன்னிலா அதில் பசை ஊற்றிக் காயவிட்டு
ஒரு ஸ்கூட்டரைப் பாதி முக்கி வைத்தாள்.
ஆறு வறண்டு, சுரங்கம் நிறைந்து,
இப்போதுதான் கடலூர் என்று
கூட்டம் ஒப்புக்கொண்டது.

அன்று மதியம் கலியமூர்த்தி வந்தார்.
தண்டவாளம் பார்க்கிற வேலை, இருபத்திரண்டு வருஷம்.
மேஜைக்கு முதுகு காட்டி நின்று
மூன்று சுற்று கேட்டார்.
"கேபினுக்கு அந்தாண்ட, இடதுகைப் பக்கம்,
ஜாயிண்ட்டு மயிரிழை தூக்கியிருக்கு."
மூன்று மாதமாய்க் கடைசிப் பெட்டி
அங்கேதான் கவிழ்ந்துகொண்டிருந்தது.
அகரன் மாட்டிய சக்கரத்தைத்தான்
நான் திட்டிக்கொண்டிருந்தேன்.
சுகந்தி பற்றவைக்க, அவர் செல்போன் வெளிச்சம் பிடித்தார்.
அகரன் என்னைப் பார்க்காமல் டீ வாங்கப் போனான்,
நான்கு மட்டும் வாங்கிவந்தான்.
எனக்கில்லை.

போகும்போது பாதையோரம் முழுக்க
ஒருமுறை கண்ணை ஓட்டினார்.
"எங்க ஆளு ஒருத்தனும் இல்லையே பாப்பா."
இன்னிலா டப்பாவைத் துழாவினாள்.
சிவப்பு இருந்தது, ரோஜா இருந்தது, வயலட் கூட.
ஆரஞ்சு இல்லை.

ஞாயிறு இரவு, குட்டி யானை வண்டியில்,
கம்பளியில் சுற்றிய கெடிலம் பாலம்
கெடிலத்தைக் கடந்தது.
ஃபேன்சி ஸ்டோர்கள் எல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தன.
வண்டிப்பாளையம் கேட்டும் அடைத்திருந்தது.
கொசு. பத்து நிமிஷம்.
அகரன் என் தோளில் தலையைச் சாய்த்துத்
தூங்குவதுபோல் இருந்தான்.
பிறகு வந்தது,
சன்னல்கள் எல்லாம் ஒரே மஞ்சள் கோடாக.
மடியிலிருந்த பலகைகளில்
ஸ்டேஷன் கிடுகிடுத்தது, நாற்பத்தொரு பேரும்
நடைமேடையைப் பற்றிக்கொண்டு நின்றார்கள்.
"ரொம்ப வேகம்" என்றாள் இன்னிலா.
இருட்டில் அவள் இரண்டு விரல்கள்
இல்லாத ஒரு குமிழை
இடப்பக்கமாய் மெல்லத் திருப்பின.

தூரத்தில் ரயில் மெதுவாகும் சத்தம்.
ஸ்டேஷன் வந்திருக்கும்.