குப்பி நூற்று நாற்பது

காலுறையைக் கழற்றும்போதுதான்
அன்றைய கணக்குத் தொடங்கும்.
இடது காலில் பதினொன்று. வலதில் ஏழு.
தூக்கிப் போடு, என்கிறான் பிலிங் தோ,
இவை நம்மைக் குடித்தவை, உதவாது.
இலைநுனியில் ஒற்றைக்காலில் நிற்பதுபோல் நின்று
மூச்சு வரும் திசைக்கெல்லாம் ஆடுகின்றனவே,
அந்தப் பசித்த அட்டைகள்தான் வேண்டும்.

எப்போதோ யாரையோ குடித்தவை.
மாதங்களுக்கு முந்தைய ஒரு வாய் இரத்தம்
இன்னும் அடிவயிற்றில் கரையாமல் இருக்குமாம்.
அதற்காகத்தான் சுண்டுவிரல் உயரக் குப்பிகள்,
மேலே தேதி, ஓடையின் பெயர்,
பென்சிலில்.
பேனா மை இந்த மழைக்கு ஒருநாள் தாங்காது.

லாவோஸ் பக்கத்து மேகம்
எந்தச் சாவடியிலும் தாள் காட்டாமல்
அன்னாமிய மலைமுகட்டைத் தாண்டி வந்து
எங்கள் தார்ப்பாயின்மேல் உட்கார்ந்துகொள்கிறது.
கோர் கீழிருந்து கம்பால் குத்தி
நீரை வழித்துவிடுகிறான், இரவெல்லாம்.

தேடும் விலங்கை எங்கள் நால்வரில்
ஒருவரும் உயிரோடு பார்த்ததில்லை.
தோவின் வீட்டுச் சுவரில் அதன் கொம்புகள் உண்டு,
அவன் அப்பன் காலத்தவை:
ஒன்றையொன்று தொடாத இரு கோடுகள்.
ராட்டினத்தின் இரு கம்பங்கள் என்று
மலைக்கு அந்தப்புறத்தில் பெயர். சாவோலா.
தோவின் மனைவி அதில்
மோட்டார்சைக்கிள் சாவியை மாட்டுவாள்.

மூன்றாம் நாள் சேற்றில் ஒரு குளம்படி.
கேளையாடு, என்றாள் ரியா.
பன்றிக்குட்டி, என்றேன்.
தோ குப்புறப் படுத்து, கன்னம் மண்ணில் பட,
வெகுநேரம் பார்த்தான்.
அவன் வாயைத் திறப்பதற்குள்
மழை அதை நிரப்பி
ஒரு சின்னக் குட்டையாக்கி
அதில் தவளை மூக்கு வேறு நீட்டியது.

பிறகு தழைவேலி.
ஓடையிலிருந்து மேட்டுக்கு நீளமாக, இடுப்பளவில்,
யாரோ பொறுமையாகக் கட்டியது.
வழிவிட்ட இடமெல்லாம் கண்ணி,
சைக்கிள் பிரேக் கம்பி.
வெட்டி வெட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டே போனோம்.
ஒன்றில் காய்ந்த கால் மட்டும் இருந்தது,
முயலாகவும் இருக்கலாம்.

முப்பத்தோராவதில் தோவின் கை நின்றது.
முடிச்சு இடப்புறமாகச் சுற்றியிருந்தது.
இடக்கைக்காரன் முடிச்சு.
எங்கள் ஊரில் இடக்கைக்காரர்
எத்தனை பேர் என்று எனக்கும் தெரியும்.

பதிவேட்டைத் திறந்தேன்:
இடம், உயரம், கம்பியின் வகை.
முடிச்சுக்கென்று அதில் பத்தி இல்லை.
கத்தரி இடுப்பில் இருக்க,
தோ அதை அவிழ்த்தான்,
தூங்கும் குழந்தையின் கையிலிருந்து
எதையோ எடுப்பவன்போல.

இரவு சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொன்னான்:
என் மைத்துனன் நேத்தின் மகள்
டானாங்கில் நர்ஸுக்குப் படிக்கிறாள்.
யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.
கோர் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தான்.

ஐந்து மாதம் கழித்து நகரத்திலிருந்து தாள் வந்தது.
தோவின் வீட்டில் கூடி உட்கார்ந்தோம், நான் படித்தேன்.
கேளையாடு. முள்ளம்பன்றி. மனிதன்.
மனிதன். எருமை. மனிதன்.
ரியா சிரித்தாள்:
காட்டில் அதிகம் அலைந்த மிருகம் எதுவென்று
அட்டைக்குத் தெரிந்திருக்கிறது.
மனிதன். கேளையாடு. மனிதன்.
குப்பி நூற்று நாற்பது: வாசிக்க இயலவில்லை.

அந்த வரியை இன்னொருமுறை, என்றான் தோ.
வாசிக்க இயலவில்லை.
கெட்டுப்போயிருக்கும், என்றான் கோர்,
மூடி சரியாக மூடாமல்.
இருக்கும்.
எந்த ஓடை?
பதிவேட்டைப் புரட்டிச் சொன்னேன்.
தழைவேலி தொடங்கிய ஓடை.

அவன் எழுந்தான்.
கொம்பிலிருந்து சாவியை எடுத்தான்.
மழையில் வண்டி இரண்டு உதைக்கு மறுத்தது,
மூன்றாவதில் இருமிக்கொண்டு கிளம்பியது.
சந்தைக்கென்றால் வலப்பக்கம் திரும்பவேண்டும்.
விளக்கு இடப்பக்கம் திரும்பியது,
நேத்தின் வீட்டுப் பக்கம்.

சுவரில் அந்த இரு கோடுகளும்
சற்றுநேரம் ஆடிக்கொண்டிருந்தன.
மீதியிருந்த வரிகளை
நான் மனதுக்குள் படித்தேன்.