அடுத்த உயிருக்கு இருபத்தாறு நிமிடம்

பாதை அக்கரையில் நிற்கிறது.
குருமண்வெளித் துறையில் பதினேழு மோட்டார் சைக்கிள்,
மரக்கறி ஏற்றிய ஒரு லாண்ட்மாஸ்டர்,
நான்.

நிற மீன்களை மும்மூன்றாய்ச் சேர்க்கும் விளையாட்டு.
இருநூற்றிப் பதினாலாம் கட்டத்தில்
பதினொரு நாளாய் நிற்கிறேன்.
ஐந்தாவது உயிரும் போகிறது,
ஒரேயொரு நீல மீன் குறைந்து.
அடுத்த உயிருக்கு இருபத்தாறு நிமிடம் என்கிறது திரை.
காசு கட்டினால் இப்பவே தருமாம்.
உயிரை விலைக்கு வாங்கும் அளவுக்கு
அபிவிருத்தி உத்தியோகத்தரின் சம்பளம்
இன்னும் அபிவிருத்தியடையவில்லை.

ஹெல்மெட்டுக்குள் இருந்து நாவலை எடுக்கிறேன்.
பனி கொட்டும் நாட்டுக் கதை.
அங்கே குதிரைகளின் மூச்சு உறைகிறது,
இங்கே என் கழுத்து வியர்வை
அட்டையை நனைக்கிறது.

எனக்கு முன் வாசித்தவர்
ஓரமெல்லாம் பென்சிலால் பேசியிருக்கிறார்.
பன்னிரண்டாம் பக்கத்தில்: இவன் சரிவரமாட்டான்.
நாற்பதில், நாயகி கடிதத்தைக் கிழிக்கும் இடத்தில்:
அடி விசரி.
அத்தியாயம் முடியும் ஒவ்வொரு இடத்திலும்
ஒரே சொல்: மறுகா?

கதையை விட
அந்த மறுகாவுக்குத்தான் நான் பக்கம் புரட்டினேன்.
நூற்றி எண்பத்தேழில் ஒரு மூலை மடிப்பு.
அதன்பிறகு பென்சில் இல்லை.
இருநூற்றிச் சொச்சம் பக்கம், வெறும் அச்செழுத்து,
ஆளில்லாத வீட்டில் லைட் எரிவதுபோல்.

பாதியில் நின்றவர் என்றால்
எங்கட பக்கத்தில் மனம் ஓரிடத்துக்குத்தான் ஓடும்.
திகதி ஒட்டிய தாளைப் பார்த்தேன்,
முத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து
எந்த வருசம் என்று தெரியவில்லை.
நானே ஒரு வருசம் வைத்துக்கொண்டேன்.
அவருக்கு ஒரு சைக்கிள் கொடுத்தேன், ஒரு நீலச் சட்டை.
இரண்டு இரவு
அந்த ஆளுக்காக நித்திரை முழித்தேன்.

சனிக்கிழமை களுவாஞ்சிகுடி நூலகத்தில்
குலநாயகி அக்காவிடம் மெல்லக் கேட்டேன்,
இதை முந்தி எடுத்தது ஆரு?

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
“அது நான்தான்கா.
புத்தகத்தில கிறுக்கக்கூடாதெண்டு
போட் எழுதி வச்சதும் நான்தான்.
ஒருத்தருக்கும் சொல்லிராதிங்க.”

ஏன் நிப்பாட்டினீங்க?

“மகன் இந்தப் போனை வாங்கித் தந்தான்.
அதில மீன் விளையாட்டொண்டு கிடந்திச்சு.”
மேசை இலாச்சியை இழுத்துக் காட்டினார்.
ஆயிரத்து நூற்றி நாற்பதாம் கட்டம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.
நீலச் சட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.
“மறுகா என்ன நடந்ததெண்டு
வாசிச்சுப்போட்டு வந்து சொல்லுங்க புள்ள”
என்றது உள்ளேயிருந்து குரல்.
தாமதக் கட்டணம் பதினெட்டு ரூபாயை
மறக்காமல் வாங்கிக்கொண்டுதான்.

திங்கட்கிழமை பாதை நடு ஆற்றில்.
தண்ணீர் பச்சையாக, மீன்முள் மணத்தோடு.
என்ஜின் தட்டத் தட்ட எழுத்து நடுங்குகிறது.
முந்நூற்றி ஒன்பதாம் பக்கம்:
கிழித்த கடிதத்தை
அவள் ஒட்ட உட்கார்ந்திருக்கிறாள்,
கோந்து இல்லை, கஞ்சியால்.

சட்டைப்பையில் போன் துடிக்கிறது.
குலநாயகி உங்களுக்கு ஓர் உயிர் அனுப்பியிருக்கிறார்.

இருக்கட்டும்.
இன்னும் நாலு துண்டு ஒட்ட வேண்டும் அவளுக்கு.
மண்டூர்க் கரை தெரிகிறது,
சாமித்தம்பி அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு
கத்துகிறார்:
“வாசிக்கிற ஆக்கள், விளையாடுற ஆக்கள்,
எல்லாரும் பைக்க இறுக்கிப் பிடிங்க,
இடிக்கப்போகுது!”